முகத்தைத் திருப்பிக்கொண்ட குட்டி

அந்தக் குட்டி பிழைத்தது நான் சரியாகச் சொன்னதாலா, அல்லது நான் தவறாகச் சொல்லியும் அந்தப் பெண் யானை பெரிய மனதோடு அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டதாலா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. வேலையில் இருந்தவரை இது என்னை அதிகம் அலைக்கழிக்கவில்லை. குட்டி உயிரோடு இருந்தது, அதைப் படமும் எடுத்தேன், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது ஒன்றரை வயது மகளை வைத்துக்கொண்டு, பால் புட்டி கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் காட்டு யானைகளைப் படம் பிடிக்கும் வேலையை விட்டு விலகிவிட்டேன். அதைப் பற்றி விசாரிக்க இளையவர்கள் வீடு தேடி வரும் அளவுக்கு அது பழங்கதை ஆகிவிட்டது. போன மாதம் அப்படித்தான் ஜெயா என்ற பெண் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். வனவிலங்குகளைக் கவனிக்கும் அரசாங்க இலாகாவில் நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவள், உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"அக்கா, யானை முன்னால வந்து நிக்கும்போது உங்களுக்குக் கை நடுங்காதா?"

"நடுங்கும். அதுக்குத்தான் மரத்துல சாஞ்சுக்கிட்டு எடுக்கிறது."

அவள் ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தாள். எங்கள் அதிகாரி காதர் சார் சொல்லி அனுப்பியது. பேராக் மாநிலத் தோட்டங்களில் பிடித்து, மலைகளுக்கு அப்பால் உள்ள தேசியப் பூங்காவில் கொண்டுபோய் விட்ட யானைகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று பார்த்துப் படம் எடுக்கப் போகிறார்களாம். மழை நின்றதும் கிளம்பினால் திரும்பிவர ஒரு மாதம் ஆகும். பழைய யானைகளைப் பார்த்த உடனே இன்னது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லையாம். வர முடியுமா, முடியாதா? வருவதென்றால் அந்த ஒரு மாதமும் மகளை விட்டுவிட்டு இருக்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது ஈப்போ டவுனில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு சேர்ந்தேன். கல்யாணப் பெண்களின் முகப்பருவைப் படத்தில் பென்சிலால் மறைப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. இலாகாவின் பிலிம் சுருள்களும் எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் கழுவ வரும். யானைப் படங்களைக் கழுவிக் கழுவி, எது எந்த யானை என்று எனக்கே அடையாளம் தெரிய ஆரம்பித்தது. இலாகாவில் ஆள் தேவை என்றதும் விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா, "படிக்க வச்சது காட்டுக்குப் போறதுக்கா?" என்று கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஜெயாவுக்கு நான் சொன்ன முதல் விஷயம், யானையை அழகாக எடுக்கக் கூடாது என்பது. நம் படம் நாட்காட்டிக்குப் போவதில்லை. நாளைக்கு இன்னொருவர் அதே யானையைப் பார்த்தால், இது அதுதான் என்று சொல்ல முடிய வேண்டும். இடது காது, வலது காது, நேர்முகம், வால், கடைசியாகப் பக்கவாட்டில் பாதம் தெரிய முழு உடம்பு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. காதின் விளிம்புதான் முக்கியம். சில காதுகள் கடித்து வைத்த அப்பம் மாதிரி இருக்கும். சிலவற்றில் ஓட்டை இருக்கும், சிலவற்றின் ஓரம் துணி மடித்தது போல் உள்ளே சுருண்டிருக்கும். ஒரு யானையின் காது போல் இன்னொன்றுக்கு இருக்காது. நெகடிவைத் திருப்பிப் போட்டுப் பிரதி எடுத்துவிட்டால் இடது காது வலது காதாகிவிடும். அப்புறம் காட்டில் இருப்பது ஒரு யானை, அலுவலகத்தில் இருப்பது இரண்டு யானை.

இரண்டாவது, மூக்கு. யானைக்கு நம்மைக் கண்ணால் தெரிவதைவிட வாசனையால் சீக்கிரம் தெரியும். காட்டுக்குப் போவதற்கு முன் வாசனைச் சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, பூ கிடையாது. வாசனை இல்லாத வெள்ளைத் தூளை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டி இடுப்பில் வைத்திருப்போம். பையைத் தட்டினால் தூள் எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் காற்று அடிக்கிறது. யானை அந்தப் பக்கம் இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். இன்றைக்கும் மகளுக்குப் பவுடர் போடும்போது அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று என் கண் தானாகப் போகிறது.

மூன்றாவது, ஈரம். நம் காட்டில் லென்ஸுக்குள் பூசணம் பிடித்துவிடும். வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து கேமராப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கேமராவைத் துண்டால் சுற்றிக்கொண்டுதான் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தம் பாதியாகக் குறையும்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்குத் தடுமாற்றமே இல்லை. மகளுக்கு இளநீர் கொடுக்கலாமா, சளி பிடிக்குமா என்று நாள் முழுவதும் யோசிக்கிறவள் நான். ஆனால் யானையை எங்கே நின்று, எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

காதர் சாரைப் பற்றி எழுத வேண்டும். அவர் குடும்பம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. அண்ணன் தம்பி எல்லாரும் கல்லாவில் நின்று, ரொட்டிக்கும் தேநீருக்கும் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்து வளர்ந்தவர்கள். அவர் மட்டும் காட்டுக்கு வந்துவிட்டார். குரலை உயர்த்தியே பேச மாட்டார். அலுவலகத்தில்கூட யானை பக்கத்தில் நிற்பது போலத்தான் பேசுவார். கேட்டால், "கடையில கத்துனதே ஆயுசுக்கும் போதும்மா" என்பார். காட்டில் யானையை விரலால் சுட்டிக் காட்ட மாட்டார், முகவாயால்தான் காட்டுவார். அதன் பெயரையும் சொல்ல மாட்டார். "அவங்க வாராங்க" என்பார்.

முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து மாட்டும்வரை யாரும் பேசக் கூடாது. மாட்டியதும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, நினைச்சீங்களா?" நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண் யானையைக் காட்டி, "அது சினையா இருக்கு சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நினைத்தேன் என்றேன். "அப்ப வயிறு பெருசா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நல்லா சாப்பிட்டிருக்கலாம்ல" என்றார். லோரி ஓட்டிவந்த சுப்பையா அண்ணன், "சார் என்னையும்தான் கடைசி வரைக்கும் சினைன்னு சொல்லல" என்று தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். அன்றிலிருந்து பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம் என்று மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளப் பழகினேன்.

இப்போது அந்தக் குட்டியின் விஷயம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். துண்டு துண்டாக விற்கப்பட்டு, பாதியில் பால்மரம் கவனிப்பில்லாமல் நின்றது, பாதியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நட்டிருந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் மட்டும் ஜனங்கள் இருந்தார்கள். காட்டை வெட்டிக்கொண்டே போனதில் இரண்டு பெண் யானைகளும் இரண்டு குட்டிகளும் தோட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஒரு பக்கம் பெரிய சாலை, மறுபக்கம் புதிதாகத் திருத்திய நிலம், மலைக்குத் திரும்பிப் போக வழி இல்லை. செம்பனைக் குருத்தைப் பிடுங்கித் தின்றன. அதோடு நிற்காமல், ஒரு லயத்து வீட்டின் பின்சுவரைச் சாய்த்து உள்ளே இருந்த அரிசியை எடுத்தன. இன்னொரு சுவர் விழுந்தால் சுடச் சொல்லித்தான் கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் பிடித்து, தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெண் யானைகளுக்குப் பெயர் வைத்தது சுப்பையா அண்ணன். இடது காது கிழிந்த, வயதில் மூத்தது பெரியக்கா. வாலில் முடி இல்லாதது சின்னக்கா. குட்டிகளில் தலை நிறைய முடியோடு இருந்தது முடியன், காதில் வெளிறிய திட்டு இருந்தது மச்சக்காரி. இரண்டு குட்டிகளும் ஏறக்குறைய ஒரே உயரம்.

தோட்டத்தின் பழைய புகைக்கூடத்தின் மேல்தளத்தில் எனக்கு இடம் போட்டார்கள். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்ட இடம். மூடி வருடக்கணக்கான பிறகும் மரச்சட்டங்களில் புகை வாசனை போகவில்லை. அது என் வாசனையை மறைத்தது. சன்னல் வழியே கீழே ஓடையும் திறந்த வெளியும் தெரியும். காலையிலும் மாலையிலும் அவை அங்கே வரும். நான் வந்த வேலை எந்தக் குட்டி யாருடையது என்று கண்டுபிடிப்பது. பிடிப்பதற்கு மயக்க ஊசி போட்டால் ஒரு நேரத்தில் ஒரு பெரிய யானையைத்தான் சமாளிக்க முடியும். அதைச் சங்கிலியில் கட்டி, பழக்கப்பட்ட யானைகளை இரு பக்கமும் விட்டு லோரிக்கு நடத்தி வருவார்கள். கூடவே அதன் குட்டியையும் ஏற்ற வேண்டும். குட்டி மாறிப் போனால் பூங்காவில் பாலில்லாமல் செத்துவிடலாம். இங்கே நிற்கும் தாய் தன் பிள்ளையைத் தேடி லயத்துக்குள் புகுந்துவிடும். இரண்டு குட்டிகளையும் சேர்த்து ஏற்றினாலும் அதே கதைதான்.

பார்த்தால் இரண்டு குட்டிகளுமே பெரியக்காவின் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன. இரண்டும் அவளிடமே பால் குடித்தன. சாலையில் லோரி வெடிச்சத்தம் போட்டால் இரண்டும் அவள் வயிற்றுக்கு அடியிலேயே ஓடி ஒளிந்தன. எடுத்த படங்களை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தால் சின்னக்காவுக்குப் பிள்ளையே இல்லை என்று தோன்றும். ஆனால் அவளுக்கும் மடி சுரந்திருந்தது. அதைத் தெளிவாகப் படம் எடுத்திருந்தேன்.

எனக்குத் தோட்டத்து ஆயாக் கொட்டகை ஞாபகம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே மரம் வெட்டப் போகும் அம்மாக்கள், கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொட்டில் கட்டியிருக்கும். ரப்பர் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் வருவார்கள். என்னையும் அம்மா அப்படித்தான் விட்டுப் போனார். பள்ளி விடுமுறைகளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள நானும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். விழுந்து அடிபட்ட பிள்ளை ஆயாவிடம்தான் ஓடும். எல்லாப் பிள்ளைகளும் ஆயாவின் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். அம்மாக்கள் திரும்பி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். அடுத்தவர் அம்மா வந்தால் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும், கையை நீட்டும், கொண்டுவந்த பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளும். தன் அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆயாவின் சேலைக்குள் புதைந்துகொள்ளும். புதிதாக வந்த, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மா ஒருமுறை அதைப் பார்த்து, "பாவம், பெத்தவளையே தெரியல" என்று வருத்தப்பட்டார். எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது. தெரிவதால்தானே கோபம்? விட்டுவிட்டுப் போனவளிடம்தானே கோபிக்க முடியும்?

அந்தக் கண்ணோடு சன்னலில் உட்கார்ந்தேன். சின்னக்கா தினமும் முன்னால் போய்ச் செம்பனைக் குருத்தைத் தின்றுவிட்டுத் தாமதமாக வருவாள். அவள் ஓடைக்கு வரும்போது முடியன் குடுகுடுவென்று எதிரே போய்த் தும்பிக்கையால் அவள் வாயைத் தொட்டுப் பார்ப்பான், என்ன தின்றாய் என்று கேட்பது மாதிரி. பிறகு தன் விளையாட்டுக்குத் திரும்பிவிடுவான். மச்சக்காரி அப்படிச் செய்யவில்லை. சின்னக்கா நெருங்கி வந்ததும் திரும்பி நின்று பின்புறத்தைக் காட்டினாள். சின்னக்கா தும்பிக்கையால் முதுகைத் தடவினால் பெரியக்காவின் அந்தப் பக்கம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கவனிக்காத மாதிரி, சின்னக்காவின் காலடிக்கு வந்து சேர்ந்தாள். ஒருமுறை அல்ல, நான் பார்த்த ஒவ்வொரு முறையும் அப்படித்தான். வரிசையாகப் படம் எடுத்து வைத்தேன்.

பெரியக்காவுக்கு ஊசி போட்ட காலையில், அவள் பால்மரத்தில் சங்கிலியோடு நின்றாள். பெரிய மரமாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு குட்டிகளும் அவளைச் சுற்றியே நின்றன. சின்னக்கா தூரத்தில் செடிகளுக்குள் நின்று பிளிறினாள். காதர் சார் கண்ணாடியைக் கழற்றினார். சுப்பையா அண்ணன் பீடியைக்கூடப் பற்ற வைக்காமல் வாயில் வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார் என் பக்கம் திரும்பினார்.

"எது?"

"முடியன் சார்."

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"மச்சக்காரி சின்னக்காகிட்ட மட்டும் கோவிச்சுக்கிறா. அது பாத்தது. கோவிச்சா சொந்தப் பிள்ளைங்கிறது நினைச்சது."

"யார வச்சு நினைச்சீங்க?"

ஆயாக் கொட்டகையைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சுப்பையா அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன தங்கச்சி, காஜாவுக்கும் ஆயாக் கொட்டாயா? ரொம்ப சுசா லா உன்னோட." எங்கள் பேச்சில் காஜா என்றால் யானை, சுசா என்றால் தொல்லை.

காதர் சார் சிரிக்கவில்லை. "நீங்க எங்க வளந்தீங்க அண்ணே?" என்று கேட்டார்.

"அங்கதான்."

"உங்கம்மா வந்தா என்ன செய்வீங்க?"

சுப்பையா அண்ணன் வாயிலிருந்து பீடியை எடுத்தார். பிறகு, "தொட்டிலுக்கு அடியில போயி படுத்துக்குவேன்" என்றார்.

முடியனை ஏற்றினோம். பெரியக்காவின் வாலைப் பிடித்துக்கொண்டது மாதிரி அவன் பின்னாலேயே பலகையில் ஏறினான். மச்சக்காரி லோரி போன பாதையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றாள். மறுநாள் காலை புகைக்கூடத்துச் சன்னலில் போய் உட்கார்ந்தேன். சங்கிலி உரசிப் பட்டை உரிந்த மரத்தை அவள் முகர்ந்துகொண்டிருந்தாள். சின்னக்கா வந்தாள். மச்சக்காரி திரும்பி நின்றுகொண்டாள். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள ஆயா இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து வந்து சின்னக்காவின் மேல் சாய்ந்தாள். நான் எடுத்த படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். லயத்துச் சுவர் எதுவும் அதற்குப் பிறகு விழவில்லை. அடுத்த வறட்சியில் வேறு குழு வந்து அவர்கள் இருவரையும் பூங்காவின் வேறொரு ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

பூங்காவுக்கு நான் போனது அதற்கும் பிறகு. நீளப் படகில் ஆற்றை எதிர்த்துப் போய், இறங்கி நடந்தோம். கேமராவை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. முதுகில் வறுத்த அரிசி மூட்டையும் லென்ஸும், கழுத்தில் துண்டு சுற்றிய கேமரா, காலெல்லாம் அட்டை. யானைகள் உப்புச் சேற்றைத் தின்ன வரும் ஓர் இடத்தில் மரத்தின் மேல் பரண் கட்டியிருந்தார்கள். அங்கே தோட்டத்தைப் போல வெளிச்சம் கிடையாது. மரங்கள் அடர்ந்து, நடுப்பகலிலும் சாயங்காலம் மாதிரி இருக்கும். அசையும் காதைப் படம் பிடித்தால் புகை மாதிரி விழும். யானை ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்பது சேற்றில் தும்பிக்கையை விட்டு உறிஞ்சும்போதுதான். அந்த நேரத்தில் காது முன்னால் வந்து நிற்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு, மீதியைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். பரணில் எனக்குப் பசி, தாகம் எதுவும் தெரியாது. அவ்வளவு நிதானமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

முதலில் வந்தவை பூங்காவின் சொந்த யானைகள். எங்களுக்கு அறிமுகமே இல்லாத காதுகள். வரிசைப்படி எடுத்தேன். அவற்றுக்குப் பின்னால், கூட்டத்தோடு சேர்ந்தும் சேராமலும், கடித்த அப்பம் மாதிரி ஒரு காது மூங்கில் இடுக்கில் தெரிந்தது. காதர் சார் முகவாயை அந்தப் பக்கம் நீட்டினார். எனக்கு அதற்கு முன்பே தெரியும். பெரியக்கா நன்றாக உடம்பு வைத்திருந்தாள். அவள் காலுக்கிடையில் முடியன் நின்றான். தலைமுடி பாதி உதிர்ந்திருந்தது, தோளுயரம் ஏறியிருந்தது. அவன் பால் குடிப்பதை, பாதம் தெரிய, இரண்டு காதுகளும் தெரிய எடுத்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் சார், உதடு அசையாமல்.

"பாத்தேன் சார்."

அவர் தன் பங்குப் பேரீச்சம்பழத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலைதான் கேள்வி வந்தது. பூங்கா யானைகளில் ஒருத்தி சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். முடியன் நேராக அவளிடம் போனான், கேட்காமல் கொள்ளாமல் மடியில் வாய் வைத்தான். அவளும் விட்டாள். பெரியக்காவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் பால் குடிப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. முந்தின நாள் நான் எடுத்த படமும் எதற்கும் சாட்சி இல்லை. பரணில் இருந்த மிச்ச நாட்களில் வேறொன்றுக்காகக் காத்திருந்தேன். முடியன் பெரியக்காவிடம் ஒருமுறையாவது கோபித்துக்கொள்கிறானா? அதைப் பார்க்கவே முடியவில்லை. அவள் அவனை விட்டு எங்கும் போவதில்லை, அதனால் கோபிக்கக் காரணம் இல்லாமல் இருக்கலாம். அல்லது கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் அவள் இல்லையோ என்னவோ. காதர் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான் மங்களம். அது பாத்தது. அதோட விடுங்க" என்றார். விட்டேன். நான் செய்தது சரியான வேலை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. இருந்ததை எல்லாம் பார்த்துத்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் முடியன் என்றுதான் சொல்வேன்.

அதன் பிறகு கல்யாணம், அடுத்து மகள். வயிற்றில் பிள்ளையோடு பரண் ஏற முடியாது என்பதால் வேலையை விட்டேன். இப்போது காலை நேரம் மட்டும் பழைய ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். மகளை எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருக்கும் என் கணவரின் அக்கா தனம் பார்த்துக்கொள்கிறார். பொறுமைசாலி, என் மகளுக்கு என்னைவிட நன்றாகச் சோறூட்டத் தெரிந்தவர். ஆரம்பத்தில் நான் மத்தியானம் கேட்டைத் திறந்தால் மகள் முகத்தைத் திருப்பித் தனம் அக்காவின் தோளில் புதைந்துகொள்வாள். "அம்மாடா, அம்மா வந்திருக்காங்க பாரு" என்று அவர் சங்கடப்படுவார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மகளாகவே வந்து என் முந்தானையை இழுக்கும்வரை சும்மா நின்றிருப்பேன்.

ஜெயா வந்துபோன சமயத்திலிருந்து அது நின்றுவிட்டது. கேட் சத்தம் கேட்டதும் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டச் சொல்லிக்கொடுத்த மாதிரி கையை ஆட்டுகிறாள். நான் வாங்கிவந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டி மூடியோடு விளையாடப் போய்விடுகிறாள்.

"பாத்தியா, இப்பப் பழகிருச்சு. அழுவறதும் இல்ல, கோவிக்கிறதும் இல்ல. நீ நிம்மதியா போயிட்டு வா" என்கிறார் தனம் அக்கா. அவர் மனதாரச் சொல்கிறார். என் கணவர், "பிள்ளை சிரிச்சா நாமளும் சிரிக்கணும் லா. நீ என்ன, இன்னும் அந்தப் பரண்லயே ஒக்காந்திருக்க" என்கிறார். அவரும் போய்வரத்தான் சொல்கிறார். அம்மாவிடம் கேட்டேன், நான் எப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்தினேன் என்று. "ஒன்ன ஆயாக்கிட்டதான் விட்டேன். நீ என்ன கெட்டா போயிட்ட?" என்றார். மறுபடி கேட்டதும் சற்று யோசித்தார். "திரும்பிக்குவ. அது நெனப்பிருக்கு. எப்ப நிறுத்துனன்னு தெரியல தாயி. வந்தா துணி தொவைக்கணும், சோறாக்கணும். யாரு பாத்தா அத?"

காதர் சார் இப்போது என் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டால் இதைத்தான் சொல்வேன். என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கையாட்டுகிறாள், விளையாடப் போகிறாள். அது பார்த்தது. நினைத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

பூங்காவுக்குப் போக ஆசையாக இருக்கிறது. மச்சக்காரியை ஒருமுறை பார்க்க வேண்டும். போனால் வேலையை நன்றாகச் செய்வேன், அதில் ஐயமில்லை. ஆகவே வாசகர்களிடம், முக்கியமாகப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு மரம் வெட்டப் போனவர்களிடமும், இன்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பேக்டரிக்கு பஸ் ஏறுகிறவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் பிள்ளை உங்களிடம் கோபித்துக்கொள்வதை எப்போது நிறுத்தியது? நிறுத்திய பிறகு, என்றைக்காவது மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டதா? நினைத்ததை அல்ல, பார்த்ததை எழுதுங்கள். மழை நிற்பதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.